புயலுக்கு முன்னே போடவேண்டிய கையெழுத்து

நெருக்கடிக் காலத்தில் ஒன்றுக்கொன்று உதவ, துறைமுக ஆணையங்கள் முன்கூட்டியே எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும் என்று பேச்செடுத்தால், கப்பல் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் சிரிக்கிறார்கள். "அதெல்லாம் காகித வேலை. ஆபத்து என்று வந்தால் கடலில் யாராவது கைகொடுக்காமல் போவார்களா?" என்பது அவர்கள் கேள்வி. அதோடு விடமாட்டார்கள். கடலோரக் காவல்படை எதற்கு இருக்கிறது, போட்டித் துறைமுகம் எப்படி உதவும், பக்கத்துத் துறைமுகத்தையும் அதே புயல்தானே அடிக்கும் என்று அடுக்குவார்கள். நான்கையும் பார்த்துவிடலாம். முதலாவதற்குத்தான் அதிக இடம் வேண்டும். மற்ற மூன்றும் அதன்மேல் சாய்ந்துதான் நிற்கின்றன.

கடலில் தத்தளிக்கும் மனிதனைக் காப்பாற்ற எந்தக் கப்பல் தலைவரும் கையெழுத்து கேட்பதில்லை. அது மரபு, சர்வதேசச் சட்டமும்கூட. ஆனால் கப்பல் தலைவருக்கு உள்ள சுதந்திரம் துறைமுக ஆணையத்துக்குக் கிடையாது. அது வாரியம், நிதிப் பிரிவு, தணிக்கை, காப்பீடு என்று பலருக்குக் கணக்குச் சொல்லவேண்டிய அமைப்பு. அப்படிப்பட்ட அமைப்பு திடீரென்று ஓர் உதவிக் கோரிக்கை வந்தால் என்ன செய்யும் என்பதற்கு 2021 மே மாதமே சாட்சி. எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பலில் இருந்த நைட்ரிக் அமிலக் கொள்கலன் ஒன்று கசிய ஆரம்பித்தது. அதை இறக்கிவிட அனுமதி கேட்டபோது கத்தாரின் ஹமாத் துறைமுகம் மறுத்தது; குஜராத்தின் ஹசீரா துறைமுகமும் மறுத்தது. கசியும் அமிலத்தைக் கையாளும் வசதியும் நிபுணர்களும் உடனடியாக இல்லை என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். கப்பல் கொழும்புக்கு வெளியே வந்து நின்றது, தீப்பிடித்தது, மூழ்கியது. இலங்கையின் மேற்குக் கரை முழுக்க பிளாஸ்டிக் குருணை ஒதுங்கியது.

அந்த இரண்டு துறைமுகங்களையும் கல்நெஞ்சம் என்று திட்டுவது சுலபம். எனக்கு அவர்கள் பக்கமும் புரிகிறது. அமிலம் சிந்தி ஒரு தொழிலாளி வெந்துபோனால் இழப்பீடு யார் தருவது? கப்பல்துறை இரண்டு நாள் மூடினால் அந்த நட்டம் யார் தலையில்? நிபுணர் குழு எங்கிருந்து வரும், கூலி யார் கொடுப்பார்கள்? இதற்கெல்லாம் விடை இல்லாத மேசையில் "முடியாது" என்பதுதான் பாதுகாப்பான பதில். விடையை முன்பே எழுதி வைப்பதற்குத்தான் ஒப்பந்தம்.

ஓர் இழுவைக் கப்பலை (டக்) வைத்து யோசியுங்கள். ஒரு துறைமுகம் தன் டக் ஒன்றை ஆட்களோடு இன்னொரு துறைமுகத்துக்கு அனுப்புகிறது. அங்கே அது யார் கட்டளைக்குக் கீழ்ப்படியும்? அது இழுத்த கப்பல் கரையில் மோதினால் வழக்கு யார்மேல்? டீசலும் மிகைநேரக் கூலியும் யார் கணக்கில்? எதற்கும் தாள் இல்லை என்றால், நல்லெண்ணத்தில் அனுப்பிவைத்த அதிகாரிக்கு அடுத்த ஆண்டு தணிக்கை ஆட்சேபணை வரும். ஒருமுறை அப்படி மாட்டிக்கொண்டவர் மறுமுறை அனுப்பமாட்டார். இது நம் நாட்டு அலுவலக நோய் மட்டும் என்று நினைக்க வேண்டாம். 1992இல் ஆண்ட்ரூ சூறாவளி புளோரிடாவைப் புரட்டிப்போட்ட பிறகு, அமெரிக்காவின் தென் மாநிலங்கள் இதே கேள்விகளோடுதான் உட்கார்ந்தன. அதில் பிறந்த மாநிலங்களுக்கிடையேயான அவசர உதவி உடன்படிக்கைக்கு 1996இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒப்புதல் தந்தது. அதில் வீரவசனம் கிடையாது. உதவ வந்த ஊழியர், பொறுப்பு விஷயத்தில், உதவி கேட்ட மாநிலத்தின் ஆளாகவே கருதப்படுவார். காயம்பட்டால் இழப்பீடு அனுப்பிய மாநிலம் தரும். செலவைக் கேட்டவர் திருப்பித் தருவார். ஒரு மாநிலம் தந்த தொழில் உரிமம் மற்றதிலும் செல்லும். பார்த்தால் சலிப்பூட்டும் ஷரத்துகள். ஆனால் இவை இருப்பதால்தான் லாரி கிளம்புகிறது.

அந்த உடன்படிக்கை மாநிலங்கள் தங்களுக்குள் செய்துகொண்டது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு துறைமுகம் அதன்வழி உதவி கேட்பதென்றால் மாநில அரசைச் சுற்றித்தான் வரவேண்டும். அந்தச் சுற்றைக் குறைக்கவே துறைமுகத்துக்குத் துறைமுகம் நேரடி ஒப்பந்தம் தேவைப்படுகிறது. பணத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. அமெரிக்காவின் பேரிடர் முகமையான பெமா, உதவிச் செலவைத் திருப்பித் தருவதற்கு எழுத்து ஆதாரம் பார்க்கும். "பெமா தந்தால் மட்டும் உங்களுக்குத் தருவோம்" என்று எழுதியிருந்தால் அந்தச் செலவை ஏற்காது. கைகொடுப்பதற்குக் காகிதம் எதற்கு என்று கேட்பவர்கள், கைகொடுத்த பிறகு பில்லோடு எங்கே போய் நிற்பார்கள்?

அடுத்தது கடலோரக் காவல்படை வாதம். இந்தியாவின் தேசிய எண்ணெய்க் கசிவுப் பேரிடர்த் திட்டத்தில் ஒருங்கிணைக்கும் பொறுப்பு அந்தப் படைக்குத்தான். ஆனால் அதே திட்டம் 700 டன் வரையிலான கசிவை முதல் நிலை என்று வகுத்து, துறைமுக எல்லைக்குள் அதைச் சமாளிக்கும் கருவிகளைத் துறைமுகமே வைத்திருக்க வேண்டும் என்கிறது. 2017 ஜனவரி 28 விடியற்காலை எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு அருகே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரு கப்பல்கள் மோதிக்கொண்டன. மாசு எதுவும் இல்லை என்று முதலில் அறிவிப்பு வந்தது. பிறகு கரையோரம் கறுத்தது. மீனவர்களும் மாணவர்களும் தன்னார்வலர்களும் வாளியால் எண்ணெய்க் கசடை அள்ளிய படங்களை நாடே பார்த்தது. காவல்படையும் அங்கே இருந்தது. ஆனால் கரைக்கு வந்துவிட்ட கசடை அள்ள அந்த நேரத்தில் கையில் இருந்தது வாளிதான்.

எண்ணூரிலிருந்து சென்னைத் துறைமுகம் ஏறத்தாழ 24 கிலோமீட்டர்தான். அந்த ஆண்டில் காமராஜர் துறைமுக நிறுவனத்தின் மூன்றில் ஒரு பங்கு சென்னைத் துறைமுகத்துக்கே சொந்தம். 2020இல் மிச்சத்தையும் அது வாங்கிவிட்டது. எண்ணூரை ஒட்டியே காட்டுப்பள்ளியில் தனியார் துறைமுகம். மூன்றும் ஒரே கரையில். பங்கு பத்திரம் கையில் இருப்பதாலேயே மிதவைத் தடுப்பும் உறிஞ்சு இயந்திரமும் ஓர் இரவில் எங்கே போகவேண்டும், யார் இயக்குவார்கள் என்பது முடிவாகிவிடுவதில்லை. மும்பையில் இந்தப் பாடம் வேறு விதமாக வந்தது. 2010 ஆகஸ்டில் எம்.எஸ்.சி. சித்ரா என்ற கப்பல் இன்னொரு கப்பலோடு மோதி, கொள்கலன்கள் கடலில் கொட்டின. மும்பைத் துறைமுகமும் நவசேவாவும் பயன்படுத்தும் பொதுக் கப்பல் தடமே பல நாள் அடைபட்டது. அதன்பின் அந்த இரு துறைமுகங்களும் எண்ணெய் நிறுவனங்களும் செலவைப் பங்கிட்டு, கசிவை எதிர்கொள்ளும் பொது மையம் ஒன்றை வைத்துக்கொண்டன.

போட்டி வாதத்தை நீட்ட வேண்டியதில்லை. கொள்கலனுக்காக ஆண்டு முழுதும் முட்டிக்கொள்ளும் அமெரிக்கத் துறைமுகங்களான லாஸ் ஏஞ்சலஸும் லாங் பீச்சும் 1984ஆம் ஆண்டுக் கப்பல் சட்டத்தின்கீழ் கூட்டு ஒப்பந்தங்களைக் கூட்டாட்சிக் கடல்வணிக ஆணையத்தில் தாக்கல் செய்து, ஏகபோகத் தடைச் சட்டத்தில் சிக்காமல் ஒத்துழைக்கின்றன. 2024 மார்ச் 26 அன்று டாலி கப்பல் மோதி பால்டிமோர் பாலம் விழுந்து, துறைமுகத்தின் வாசல் அடைந்தபோது, நியூயார்க், நியூ ஜெர்சி ஆளுநர்கள் தங்கள் துறைமுகத்தைத் தர முன்வந்தார்கள். நார்போக் துறைமுகமும் சரக்கை ஏற்றது. ஜூன் 10இல் பால்டிமோர் தடம் முழுமையாகத் திறந்தது.

இதில் ஒரு பயம் நியாயமானது, அதை மறைக்கக்கூடாது. ஒருமுறை வேறிடம் போன சரக்கு திரும்பாமல் போகலாம். 1995 ஜனவரி நிலநடுக்கத்துக்கு முன் ஜப்பானின் கோபே உலகின் ஆறாவது பெரிய கொள்கலன் துறைமுகம். இரண்டே ஆண்டில் கட்டி எழுப்பிவிட்டார்கள். ஆனால் அதன் வழியே கப்பல் மாறிச் சென்றுகொண்டிருந்த சரக்கில் பெரும்பகுதி தென் கொரியாவின் பூசானுக்கும் மற்ற இடங்களுக்கும் போனது போனதுதான். ஆகவே மாற்றி அனுப்பும் சரக்கு எத்தனை நாளுக்கு, எந்தக் கட்டணத்தில், எந்த நிபந்தனையில் என்பதை முன்பே பேசி முடிப்பது பலவீனப்பட்ட துறைமுகத்துக்குத்தான் கவசம். விழுந்த பிறகு பேரம் பேச அதன் கையில் எதுவும் இருக்காது.

கடைசி வாதம்தான் எனக்கு உண்மையிலேயே கனமாகத் தோன்றுவது. பக்கத்துத் துறைமுகத்தையும் அதே புயல் அடிக்கும். 2016இல் வர்தா வந்தபோதும் 2023இல் மிக்ஜாம் வந்தபோதும் சென்னையும் எண்ணூரும் சேர்ந்தே ஒடுங்கின. 2004 சுனாமி நம் கரையின் பல இடங்களை ஒரே நாளில் தாக்கியது. 2005 ஆகஸ்ட் 29இல் கத்ரீனா நியூ ஆர்லியன்ஸை அடித்தது. செப்டம்பர் 24இல் ரீட்டா டெக்சாஸ்-லூசியானா எல்லையில் ஏறியது. முதல் புயலுக்கு உதவப் போனவரின் வீட்டையே இரண்டாவது புயல் தட்டியது.

இது ஒப்பந்தத்தை எதிர்க்கும் வாதம் அல்ல, ஒரே ஒரு அண்டை வீட்டோடு மட்டும் ஒப்பந்தம் செய்யாதே என்னும் வாதம். எண்ணெய்க் கசிவுக்குச் சென்னையின் துணை எண்ணூராக இருக்கலாம். புயலுக்கு அது கொச்சியாகவோ மங்களூராகவோ இருக்க வேண்டும். வங்கக்கடல் கொந்தளிக்கும் நாளில் அரபிக்கடல் அமைதியாக இருக்க வாய்ப்பு அதிகம். எல்லாவற்றையும் அனுப்பிவிடவும் முடியாது. கப்பலைத் துறைமுகத்துக்குள் வழிநடத்தும் பைலட்டை இரவல் தருவது கடினம்; அவர் மதிப்பு அந்தத் தடத்தின் நீரோட்டமும் மணல்திட்டும் பழகியதில்தான் இருக்கிறது. ஜெனரேட்டரையும் அளவைப் படகையும் அனுப்பலாம்; முக்குளிப்பவர்கள், கிரேன் மெக்கானிக், கணினிப் பிரிவு ஆட்கள் ஆகியோரையும் அனுப்பலாம். வந்தவர் தூங்க இடம் வேண்டும் என்பதையும் எழுத வேண்டும். கத்ரீனாவுக்குப் பிறகு நியூ ஆர்லியன்ஸில் வீடிழந்த துறைமுகத் தொழிலாளர்களை அரசின் கையிருப்புக் கப்பல்களில்தான் தங்கவைத்தார்கள்.

காகிதம் பீரோவில் தூங்கும் என்பார்கள். ஆண்டுக்கொரு ஒத்திகையும் மாறிய தொலைபேசி எண்ணைத் திருத்துவதும் ஒப்பந்தத்தின் ஷரத்தாகவே இருந்தால் தூங்காது. அதைவிட முக்கியம், உதவி கேட்கும் அதிகாரம் வாரியக் கூட்டத்துக்காகக் காத்திருக்கக்கூடாது. அன்றிரவு பணியில் இருக்கும் அதிகாரி ஒரு தொலைபேசியில் கேட்கவும், மறுமுனையில் இருப்பவர் மேலிடத்தைக் கேட்காமலே டக்கை அவிழ்த்துவிடவும், கடிதம் மறுநாள் காலையில் போய்ச் சேரவும் அதில் இடம் இருக்க வேண்டும்.