ஒன்றுகூடல் முடிந்த பிறகு என்ன?

அண்மையில் ஒரு முன்னாள் மாணவர் ஒன்றுகூடல் விருந்துக்குப் போயிருந்தேன். கெர்லிங் வட்டாரத்துத் தோட்டப் பள்ளியொன்றில் எண்பதாம் ஆண்டுகளில் என்னோடு படித்தவர்கள், ரவாங், கிள்ளான், ஜொகூர் என்று பல இடங்களிலிருந்தும் வந்திருந்தார்கள். சிலரை முகம் பார்த்து அடையாளம் காண முடியவில்லை. சிரித்த பிறகுதான் தெரிந்தது. பழைய பட்டப்பெயர்கள், வாத்தியாரிடம் வாங்கிய அடிகள், லயத்து வாசலில் ஆடிய கோலிக்குண்டு என்று பேச்சு நள்ளிரவைத் தொட்டது.

நடுவில் ஒருவன் கேட்டான்: "ஏண்டா, இப்ப நம்ம பள்ளிக்கூடத்துல எத்தன பிள்ளைங்க படிக்குதுங்க?"

யாருக்கும் தெரியவில்லை. தலைமையாசிரியர் யாரென்றும் தெரியவில்லை. புலனக் குழுவில் தினமும் காலை வணக்கம் அனுப்பும் அத்தனை பேரில், பள்ளி வாசலை மிதித்துப் பத்து ஆண்டுகளுக்குள் ஆனவர் ஒருவர்கூட இல்லை.

இதைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. நம் கதை அப்படிப்பட்டது. நகரத்துப் பள்ளியில் படித்தவர்கள் பதினேழு வயதுவரை ஒன்றாக இருக்கிறார்கள். நாம் பன்னிரண்டு வயதிலேயே பிரிந்தோம். ஆறாம் ஆண்டு முடிந்ததும் கோலகுபு பாருவுக்குச் சிலர், தஞ்சோங் மாலிமுக்குச் சிலர், படிப்பை விட்டு வேலைக்குச் சிலர். பிறகு தோட்டமே கலைந்தது. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. லயங்கள் காலியாயின. திரும்பிப் போனால் நம்மைத் தெரிந்தவர் என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. பள்ளி மட்டும் மிஞ்சியது.

தோட்டத்தில் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் பள்ளி வைக்க வேண்டும் என்றது 1912-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம். அப்படி முளைத்த பள்ளிகள் ஏராளம். நாடு சுதந்திரம் பெற்ற 1957-இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 520-க்குச் சற்று மேல். மிஞ்சியவற்றிலும் பல, 150 மாணவர்களைக்கூட எட்டாத குறைந்த மாணவர் பள்ளிகள்.

ஒரு பள்ளிக்கு அக்கம்பக்கம் வேண்டும். மதில் விழுந்தால் பார்ப்பதற்கும், பிள்ளை இரண்டு நாள் வராவிட்டால் ஏனென்று கேட்பதற்கும் ஆள் வேண்டும். தோட்டம் இருந்தவரை அந்த வேலையைத் தோட்டம் செய்தது. இப்போது அந்த அக்கம்பக்கம் நாம்தான். ரவாங்கிலும் கிள்ளானிலும் சிதறிக் கிடக்கும் முன்னாள் மாணவர்களைத் தவிர அந்தப் பள்ளிக்கு வேறு ஊர் கிடையாது.

கோலகங்சார் மலாய்க் கல்லூரி 1905-இல் தொடங்கியது. 1929-லேயே அதன் முன்னாள் மாணவர்கள் சங்கம் கண்டுவிட்டார்கள். "அவர்கள் பெரிய இடத்துப் பிள்ளைகள், நம்மால் ஆகுமா?" என்று கேட்கலாம். 1960-இல் துன் வீ.தி.சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, அதில் சேர்ந்தவர்கள் தோட்டப் பாட்டாளிகள்தாம். பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிய அந்தப் பணத்தில்தான் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. பால்மரம் சீவிய கைகளால் தோட்டமே வாங்க முடிந்தது என்றால், அவர்களுடைய பிள்ளைகளால் ஒரு பள்ளியோடு தொடர்பில் இருக்க முடியாதா?

தொடர்பு என்றதும் நமக்குக் காற்றாடியும் கணினியும்தான் நினைவுக்கு வருகின்றன. பொருள் கொடுப்பது நல்லதுதான். ஆனால், மாதிரிக் காசோலையோடு படம் எடுத்துக்கொண்டு போனால் அடுத்த ஆண்டு அந்தக் கணினியில் தூசு படிந்திருக்கும். பள்ளிக்குப் பொருளைவிட ஆள்தான் அதிகம் தேவை.

நம் பிள்ளைகள் தடுமாறும் இடம் எதுவென்று நமக்குத் தெரியும். ஆறாம் ஆண்டு முடித்து, பெரிய இடைநிலைப்பள்ளியின் வாசலில் நிற்கும் நாள்தான். மலாய்மொழியில் பின்தங்கியவர்கள் புகுமுக வகுப்பில் கூடுதலாக ஓராண்டு இருக்க வேண்டியிருக்கும். அங்கே துவண்டு போகிற பிள்ளை பிறகு எங்கே போகிறது என்பதைத் தமிழ்ப்பள்ளியின் பதிவேடு சொல்லாது. அந்த வாசலைக் கடந்து வந்தவர்கள் நாம். ஒரு முன்னாள் மாணவர் ஒரு பிள்ளையை எஸ்.பி.எம். வரை கவனித்துக்கொள்வதாக ஏற்றால் என்ன? பெற்றோருக்கு மாதம் ஒரு தொலைபேசி அழைப்பு, தேர்வு நேரத்தில் ஒரு விசாரிப்பு, எஸ்.பி.எம். முடிந்ததும் ஆறாம் படிவமா, மெட்ரிகுலேஷனா, தொழில்திறன் பயிற்சியா என்று வழிகாட்டல். இதற்கு வழக்கறிஞராக இருக்க வேண்டியதில்லை. பட்டறை வைத்திருப்பவரும் தாதியும் லாரி ஓட்டுநரும் சொல்ல வேண்டியவை இருக்கின்றன.

பெற்றோர் ஆசிரியர் சங்கம் இருக்கிறதே என்பார்கள். பெரும்பாலான பெற்றோர் தங்கள் பிள்ளை ஆறாம் ஆண்டை முடித்ததும் விலகிவிடுவார்கள். முன்னாள் மாணவருக்கு அந்தக் காலக்கெடு இல்லை. ஆகவே, போட்டி அமைப்பாக இல்லாமல், தலைமையாசிரியரின் ஒப்புதலோடு, சங்கப் பதிவிலாகாவில் முறையாகப் பதிந்து, கணக்கைத் திறந்து வைத்து, கட்சி அரசியலை வாசலுக்கு வெளியே நிறுத்தி ஒரு சங்கம் அமைக்கலாம். முதல் வேலை, ஆண்டுவாரியாக யார் எங்கே இருக்கிறார் என்ற பட்டியல்.

இன்னொன்றையும் வெளிப்படையாகப் பேச வேண்டும். நம்மில் பலர் சொந்தப் பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பவில்லை. அந்தக் கூச்சத்தாலேயே பள்ளிப் பக்கம் போகாதவர்கள் உண்டு. நானும் அதில் ஒருவன். கூச்சம் ஒரு பிள்ளைக்கும் உதவாது. அதையும் சுமந்துகொண்டே போவோம்.

இந்தப் பக்கத்தைப் படிக்கும் இளையோரே, முன்னாள் மாணவர் என்றால் நரைத்த தலை என்று எண்ண வேண்டாம். சென்ற ஆண்டு ஆறாம் ஆண்டை முடித்தவரும் முன்னாள் மாணவர்தான். இந்த வாரம் அப்பாவிடமோ பாட்டியிடமோ எந்தப் பள்ளியில் படித்தீர்கள் என்று கேளுங்கள். முடிந்தால் அங்கே அழைத்துப் போங்கள்.

விருந்து முடிந்த மறுவாரம் நாங்கள் இருவர் பள்ளிக்குப் போனோம். தலைமையாசிரியர் தேநீர் கொடுத்து, வகுப்பு வகுப்பாக அழைத்துச் சென்றார். எத்தனை பிள்ளைகள் என்ற கேள்விக்கு இப்போது எங்களிடம் பதில் இருக்கிறது. ஆறாம் ஆண்டில் இருப்பவர்களின் பெயர்களும் தெரியும். அடுத்த ஆண்டு அவர்கள் இடைநிலைப்பள்ளிக்குப் போகும்போது, ஒவ்வொருவருக்கும் எங்களில் ஒருவர் வேண்டும். பெயர் கொடுக்க ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம்.