கல்லிடுக்கில் சிக்கிய எண்ணெய்

திரங்கானு கடற்கரைக்கு அப்பால் உள்ள தாப்பிஸ் எண்ணெய் வயல் 1978இல் உற்பத்தியைத் தொடங்கியது. ஆசியச் சந்தையில் கச்சா எண்ணெய் விலைக்கே அளவுகோலாக இருந்த பெயர் அது. இன்று தீபகற்ப மலேசியாவின் பல கடல் வயல்களைப் போல அதுவும் முதிர்ந்த வயல். 'முதிர்ந்தது' என்றதும் எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மை வேறு. ஒரு வயலில் இருக்கும் எண்ணெயில், உலக அளவில் சராசரியாக மூன்றில் ஒரு பங்குதான் மேலே வருகிறது. மீதி அங்கேயே கிடக்கிறது.

காரணம் பாறைதான். நிலத்தடியில் எண்ணெய் குளம்போல் தேங்கி நிற்பதில்லை. மணற்கல்லின் மணிகளுக்கு இடையிலான நுண்துளைகளில் அடைந்து கிடக்கிறது. நல்ல மணற்கல்லில் கன அளவில் 20 முதல் 30 விழுக்காடு வரை இத்தகைய துளைகள்தாம். ஆனால் துளை இருந்தால் மட்டும் போதாது, ஒன்றிலிருந்து அடுத்ததற்கு வழியும் வேண்டும். அந்த வழி, பாட்டிலின் கழுத்துபோல் துளையைவிடக் குறுகலானது. பல பாறைகளில் அதன் அகலம் தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இராது. களிமண் துகள்கள் அடைத்துக்கொண்டால் அதுவும் போச்சு.

தொடக்கத்தில் நிலத்தடி அழுத்தமே எண்ணெயை மேலே தள்ளும். அது குறைந்ததும் நீரைச் செலுத்துவார்கள். நீரோ அகலமான வழிகளைத் தேடி ஓடிவிடும். பின்தங்கிய எண்ணெய் துளித்துளியாக அறுந்து துளைகளுக்குள் சிக்கும். கழுத்தில் நுழைய வேண்டுமானால் துளி தன்னை ஒடுக்கிக்கொள்ள வேண்டும். எண்ணெய்க்கும் நீருக்கும் இடையிலான பரப்பு இழுவிசை அதை விடாது. பொரித்த சட்டியை வெறும் தண்ணீரில் கழுவிப் பாருங்கள், புரியும். சட்டிக்குச் சோப்பு போடலாம். சில நாடுகளில் எண்ணெய் வயலுக்குள்ளும் அதே வகை வேதிப்பொருளைச் செலுத்துகிறார்கள். செலவுதான் கையைக் கடிக்கும்.

தாப்பிஸில் எக்ஸான்மொபிலும் பெட்ரோனாசும் 2014இல் வேறு வழியைத் தொடங்கின. நீரையும் எரிவாயுவையும் மாறி மாறிச் செலுத்தும் முறை அது. வாயு லேசானது என்பதால் நீர் எட்டாத மேற்பகுதித் துளைகளுக்குப் போகும். தனியே விட்டால் அது எண்ணெயைத் தாண்டிக் கிணற்றுக்கு ஓடிவிடும். பின்னால் வரும் நீர்தான் அதற்குக் கடிவாளம்.

இந்தத் துளைகளுக்கு இப்போது இன்னொரு கிராக்கி. கரியமில வாயுவைப் பிடித்து நிலத்தடியில் சேமிப்பதற்கான சட்டத்தை நம் நாடாளுமன்றம் 2025இல் நிறைவேற்றியது. சபா, சரவாக் அதில் சேரா. ஆனால் சரவாக் கடலில் காசாவாரி எரிவாயு வயலின் கரியமில வாயுவை, ஆண்டுக்கு 3.3 மில்லியன் டன் வரை, வற்றிய எம்1 வயலுக்குள் செலுத்தும் திட்டம் ஏற்கெனவே உண்டு.

வேடிக்கை என்னவென்றால், எண்ணெயை வெளியே விடாமல் எரிச்சலூட்டிய அதே குறுகிய கழுத்துகள் கரியமில வாயுவையும் துளிகளாகச் சிறைபிடிக்கும். இங்கே அது வரம்! ஆனால் கழுத்துகள் மிகவும் குறுகினால் வாயுவை வேண்டிய வேகத்தில் உள்ளே செலுத்தவே முடியாது. வயல் காலியாகிவிட்டது, ஆகவே இடம் இருக்கிறது என்று கணக்குப் போடுவது அவசரம் என்றே எனக்குத் தோன்றுகிறது. பழைய வயல்களில் இன்னொரு சிக்கலும் உண்டு: பாறை காலங்காலமாகக் கசியாமல் இருந்திருக்கலாம், ஆனால் அதில் நாம் துளைத்த கிணறுகளின் சிமெண்டுக்கு வயது சில பத்தாண்டுகள்தாம்.