விலைக்கு நாற்பது குதிரைகள்

பல வருஷங்களுக்கு முன் நம்மிடம் பௌதிகம் படித்த பிள்ளை ஒருவர் சென்ற ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டுக்கு வந்திருந்தார். படிக்கிற காலத்தில் நியூட்டனுடைய விதிகளோடு அவருக்கு அவ்வளவு சிநேகம் கிடையாது. இப்பொழுது பத்துச் சக்கர லாரி ஒன்றுக்கு அவரே முதலாளி, அவரே டிரைவர். லாரியில் பாதி அவருடையது, பாதி கடன் கொடுத்தவருடையது என்று சொல்வதே பொருத்தம். காப்பியைக் கையில் வாங்கியதும் விஷயத்துக்கு வந்தார்.

"ஏனுங்க ஸார், சேலத்திலிருந்து தர்மபுரி போகும்போது தொப்பூர்க் கணவாயில் வண்டி ஏறமாட்டேன் என்கிறது. என்ஜினில் ஒரு வேலை செய்தால் 200 குதிரை சக்தி 240 ஆகிவிடும் என்கிறார் மெக்கானிக். நாற்பதாயிரம் ரூபாய் கேட்கிறார். செய்யலாங்களா?"

குதிரை ஒன்று ஆயிரம் ரூபாய்! இந்த விலைக்குக் கழுதைகூட அகப்படாதே என்று நமக்குத் தோன்றியது. ஆனால் இரண்டு தவணைப் பணம் பாக்கி நிற்கிறவரிடம் பரிகாசம் தகாது.

மெக்கானிக் சொன்னது முழுப் பொய் அன்று. டீசல் யந்திரத்தின் சக்தி, உள்ளே பீச்சப்படும் எண்ணெயின் அளவைப் பொறுத்தது. முன்னாளில் எண்ணெய்ப் பம்பில் ஒரு திருகாணி இருக்கும். அதைச் சிறிது திருகினால் எண்ணெய் கூடும், இழுவையும் கூடும். இந்நாளில் திருகாணியின் வேலையை ஒரு சிறு மின்சாரப் பெட்டி செய்கிறது. அதற்குள் இருக்கும் கணக்கை மாற்றி எழுதுவதுதான் இப்போதைய வித்தை. ஆனால் ஒரு பங்கு டீசல் சுத்தமாக எரிவதற்குச் சுமார் பதினான்கரைப் பங்கு காற்று வேண்டும், எடைக்கு எடை. காற்றில் கொஞ்சம் மிச்சம் இருக்கும் மட்டும் கூடுதல் எண்ணெய் சக்தியாகும். அதற்கு மேல் ஊற்றினால் கரும்புகையாகத்தான் வெளியே வரும். உள்ளே உஷ்ணமும் ஏறும். பல யந்திரங்களில் பிஸ்டன் அலுமினியக் கலவையால் ஆனது. தனி அலுமினியமே 660 டிகிரியில் உருகிவிடும். யந்திரத்தை அமைத்தவர்கள் கொஞ்சம் சக்தியைக் கட்டிவைத்தது கருமித்தனத்தால் அன்று. கிளச்சும் கியர்ப் பெட்டியும் டர்போவும் பல லக்ஷம் கிலோமீட்டர் உழைக்க வேண்டுமே என்பதால்தான்.

சரி, குதிரைகள் வந்துவிட்டன என்றே வைத்துக்கொள்வோம். அவற்றால் என்ன லாபம்? பழைய வழக்கம் விடவில்லை. காகிதமும் பென்ஸிலும் எடுத்துக்கொண்டோம். சரக்கோடு சேர்த்து லாரி 28 டன். கணக்குக்காக, 20 அடிக்கு 1 அடி உயரும் சரிவு, 6 கிலோமீட்டர் நீளம். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுவதற்குச் சக்கரத்தில் ஏறக்குறைய 180 குதிரை சக்தி வேண்டும். வழியில் விரயமாவதையும் சேர்த்தால் 200 குதிரை யந்திரத்துக்கு அதுவே எல்லை. 240 ஆனால் வேகம் 36 கிலோமீட்டர் ஆகும். முதல் லாரி 12 நிமிஷத்தில் ஏறும். இரண்டாவது லாரி 10 நிமிஷத்தில்.

"ரெண்டு நிமிஷமா?" என்றார் பிள்ளை. காப்பி ஆறிக்கொண்டிருந்தது.

இரண்டே நிமிஷம். அதே பாரத்தை அதே உயரத்துக்குத் தூக்குவதால் வேலையும் அதேதான். ஆகவே டீசலில் மிச்சம் பிடிக்கவும் வழியில்லை. சமதரையிலோ, சரக்கு லாரியின் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி 80 கிலோமீட்டருக்கு மேல் விடாது. அங்கே நாற்பது குதிரைகளும் சும்மா நின்று புல் தின்னும்.

சட்டம் வேறு இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் செய்த திருத்தப்படி, அனுமதியில்லாமல் வண்டியை மாற்றி அமைத்தால், மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ 6 மாதம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். 2020 ஏப்ரல் முதல் விற்பனையாகும் புது லாரிகளில் புகையைச் சுத்தி செய்யும் கருவிகளும் யூரியாக் கரைசல் தொட்டியும் உண்டு. இவற்றை அடைத்துவிட்டுத்தான் சில பட்டறைகளில் 'சக்தி' விற்கிறார்கள். அமெரிக்காவில் பத்து வருஷத்துக்குள் ஐந்தரை லக்ஷத்துக்கு மேற்பட்ட டீசல் பிக்கப் வண்டிகளில் இப்படிச் செய்துவிட்டார்கள் என்று அந்நாட்டுச் சுற்றுப்புற இலாகா 2020-ல் கணக்கிட்டது. கைபடாத வண்டிகள் 90 லக்ஷம் புதிதாகச் சேர்ந்தால் எவ்வளவு கெடுதலோ அவ்வளவு கெடுதல் காற்றுக்கு! நம் பள்ளிக்கூடமும் ரஸ்தா ஓரத்தில்தான் இருக்கிறது. ஜன்னலைச் சாத்திக்கொண்டு பாடம் நடத்துகிறவர்கள் நாம். ஆகையால் இந்த விஷயத்தில் நம்மை நடுநிலையாளர் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

"வண்டி வாங்கின புதிதில் இதே கணவாய் ஏறியதா?" என்று கேட்டோம்.

"ஜம்மென்று ஏறியதுங்க. நாலைந்து மாதமாகத்தான் இப்படி."

இதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்; வாத்தியார் புத்தி கணக்குக்கு ஓடிவிட்டது. முன்பு ஏறிய வண்டி இப்போது ஏறவில்லை என்றால், புதுக் குதிரைகள் வாங்குவதற்கு முன் பழைய குதிரைகள் எங்கே போயின என்று தேட வேண்டாமா? காற்று வடிகட்டி, எண்ணெய் வடிகட்டி, டர்போவிலிருந்து வரும் குழாய், டயரில் காற்று எல்லாவற்றையும் வேறொரு மெக்கானிக்கைக் கொண்டு பார்க்கச் சொல்லி அனுப்பினோம்.

புதன்கிழமை இரவு டெலிபோனில் கூப்பிட்டார். டர்போவிலிருந்து என்ஜினுக்குக் காற்றுக் கொண்டுபோகும் ரப்பர்க் குழாயில், கிளிப்புக்குக் கீழே, விரல் நீளத்துக்குக் கீறலாம். அழுத்திய காற்றெல்லாம் அதன் வழியே போய்க்கொண்டிருந்திருக்கிறது. குழாயை மாற்றி, அடைத்திருந்த வடிகட்டியையும் மாற்றியதில் நாற்பதாயிரத்தில் பத்தில் ஒரு பங்குகூடச் செலவாகவில்லை. அன்று காலை கணவாயில் பழையபடி ஏறியதாம்.

"சந்தோஷம், தம்பி. இப்போது எங்கே இருக்கிறாய்?"

"பெங்களூரில், கிடங்கு வாசலில் ஸார். காலை பத்து மணிக்கு வந்தேன், இன்னும் சரக்கு இறக்கவில்லை. இதற்கு ஏதாவது சிப்பு மாட்ட முடியுமா என்று கணக்குப் போட்டுச் சொல்லுங்களேன்."