கரண்டி மோதிரமாகட்டும், முத்திரை அழியவேண்டாம்

பழைய வெள்ளிக் கரண்டியை வெட்டி வளைத்து மோதிரம் செய்வது கலையா, கொலையா என்ற வாக்குவாதம் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பழம்பொருள் விரும்பிகளிடையே நெடுங்காலமாக நடந்து வருகின்றது. இதில் நமக்கென்ன என்று வாசகர்கள் கேட்கலாம். லண்டனிலும் ரொறொன்ரோவிலும் மெல்பேர்னிலும் வாழும் நம்மவர்கள் தர்மக் கடைகளிலும் வார இறுதிச் சந்தைகளிலும் இத்தகைய கரண்டிகளைக் குவியல் குவியலாகக் காண்கிறார்கள். சிலர் வாங்கி மோதிரமும் செய்கிறார்கள். அதுமட்டுமன்றி, பழையதை அழித்துப் புதியது செய்யும் பழக்கத்தில் உலகில் எவருக்கும் நாம் சளைத்தவர்கள் அல்லர். ஆகவே இதுபற்றி எனது கருத்தைச் சொல்ல விரும்புகின்றேன்.

முதலில் இந்த மோதிரத்தின் பிறப்புக் கதை. பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் மோதிரம் வாங்க வசதியற்ற வேலைக்காரர்கள் எசமானின் கரண்டியைத் திருடி வளைத்துக் காதலியின் விரலில் அணிவித்தார்கள் என்று விற்பவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். அழகான கதைதான். ஆனால் அதற்கு ஆவணம் காட்டுபவரை நான் கண்டதில்லை. ஒருவர் எழுதியதை மற்றவர் எழுதி, நூறுபேர் எழுதியதால் அது உண்மையாகிவிட்டது. எமது தொழிலில் இந்த வியாதியை நான் நன்கு அறிவேன். ஆவணத்தோடு சொல்லக்கூடியது, 1970களில் அமெரிக்க இளைஞர்களிடையே கரண்டி மோதிரம் பெரும் நாகரிகமாக இருந்தது என்பதே. அந்த நாகரிகம் அண்மைக் காலத்தில் மீண்டும் தலைதூக்கியிருக்கின்றது.

அதற்குக் கருவியும் ஒரு காரணம். முன்னர் கரண்டிக் காம்பை இழைவாளால் அறுத்து, அரத்தால் விளிம்பை மழுக்கி, கூம்புவடிவ உருக்குக் கோலில் வைத்துச் சுத்தியலால் சிறிது சிறிதாகத் தட்டி வளைக்கவேண்டும். கை சற்றுத் தவறினால் பூவேலையில் வடு விழும். இன்றைய வளைப்புக் கருவியில் ஒரு நெம்புகோலும், வேண்டிய விட்டத்துக்கு மாற்றிக்கொள்ளும் உருளைகளும், நைலோன் அழுத்திகளும் உண்டு. நைலோன் வெள்ளியைவிட மென்மையானதாகையால் வேலைப்பாட்டைக் காயப்படுத்தாது. தட்டாரிடம் பல வருடம் பழகாதவரும் ஒரு மாலைப்பொழுதில் மோதிரம் செய்துவிடலாம்.

கணக்கும் எளிது. மோதிரத்தின் உள்விட்டத்துடன் காம்பின் தடிப்பைக் கூட்டி 3.14 ஆல் பெருக்கினால் வேண்டிய நீளம் கிடைக்கும். உள்விட்டம் 18 மில்லிமீற்றர், தடிப்பு 2 மில்லிமீற்றர் எனில் ஏறத்தாழ 63 மில்லிமீற்றர். முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கவேண்டுமானால் இன்னும் சற்று விடவேண்டும்.

ஆனால் கருவி வளைக்குமே தவிர, எதை வளைக்கலாம் என்று சொல்லாது. அதை அறிந்துகொள்வது நமது பொறுப்பு.

ஸ்டேர்லிங் எனப்படும் வெள்ளியில் ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி. எஞ்சியது பெரும்பாலும் செம்பு. அதனைச் சூடாக்கி ஆறவிட்டால் இளகி, சொன்னபடி வளையும். முலாம் பூசிய கரண்டியோ வேறு சாதி. பேர்மிங்ஹாமின் எல்கிங்டன் குடும்பத்தார் 1840 இல் மின்முலாம் பூசும் முறைக்குக் காப்புரிமை பெற்றபின், பிரபுக்களின் மேசையில் இருந்த பொருள் நடுத்தர வகுப்பின் மேசைக்கும் வந்தது. 'ஈ.பி.என்.எஸ்.' என்று பொறித்திருந்தால் அது நிக்கல் வெள்ளியின்மேல் வெள்ளி முலாம். நிக்கல் வெள்ளியில் வெள்ளி மருந்துக்கும் கிடையாது. செம்பு, நாகம், நிக்கல் மூன்றும் சேர்ந்த கலவைக்கு வைத்த பெயர் அது. அதை அதிகம் சூடாக்கினால் முலாம் கெடும். வெட்டிய விளிம்பில் உள்ளிருக்கும் உலோகம் வெளித்தெரியும். நிக்கல் பலருடைய தோலில் அரிப்பை உண்டாக்கும். உடலோடு ஒட்டும் அணிகளில் நிக்கலைக் கட்டுப்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 1994 இலேயே விதி வகுத்தது.

எழுத்தை மட்டும் பார்த்து ஏமாறவும் கூடாது. அமெரிக்கக் கரண்டிகள் பலவற்றில் '1847 றோஜர்ஸ் பிரதர்ஸ்' என்றிருக்கும். அது கரண்டி பிறந்த ஆண்டன்று. நிறுவனத்தின் வியாபாரக் குறி. இருபதாம் நூற்றாண்டில் செய்த முலாம் கரண்டியிலும் அதே 1847 தான். இதனை நூற்றெழுபது வருடப் பழைமையான வெள்ளி மோதிரம் என்று விற்பவர் அறியாதவராகவும் இருக்கலாம், அறிந்தவராகவும் இருக்கலாம். வாங்குபவருக்கு நட்டம் ஒன்றுதான்.

ஆங்கிலேய வெள்ளியின் முத்திரைகள் இதற்கு நேர்மாறானவை. அவை பொய் சொல்வதற்கு இடம் வைக்காத சிறு ஆவணங்கள். சிறுத்தைத் தலை முத்திரை 1300 ஆம் ஆண்டுச் சட்டத்தோடு தொடங்கியது. 1478 முதல் லண்டனில் ஆண்டைக் குறிக்கும் எழுத்தும், 1544 முதல் நடக்கும் சிங்கமும் வந்தன. நங்கூரம் இருந்தால் பேர்மிங்ஹாம். மகுடம் இருந்தால் 1974 வரையான ஷெஃபீல்ட். இவற்றோடு செய்தவரின் பெயரெழுத்துகள். ஒரு தேக்கரண்டியின் முதுகில், விரல்நகத்தளவு இடத்தில், எந்த நகரத்தில், எந்த ஆண்டில், யார், எத்தனை தரத்தில் செய்தார் என்ற விபரம் முழுவதும் இருக்கின்றது. ஒரு செய்தியாளனிடம் ஆசிரியர் கேட்கும் கேள்விகள் அத்தனைக்கும் பதில்!

இப்போது நம்மைப் பார்ப்போம். யாழ்ப்பாணத்துத் தட்டார்களின் கைத்திறனை நாம் பெருமையாகப் பேசுகிறோம். ஆனால் பாட்டியின் அட்டியலைச் செய்தவர் பெயர் என்ன, எந்த ஆண்டு என்று கேட்டால் பதில் வராது. எத்தனை பவுண் என்று கேட்டால் உடனே வரும். நகையை நாம் நிறையால் நினைவு வைத்திருக்கிறோம். பழங்காப்பை அழித்துப் புதுக்காப்பு, அதை அழித்து மகளுக்குச் சங்கிலி. உருக்கும்போது செய்கூலி மட்டும் போகவில்லை, செய்தவனும் போய்விடுகிறான். இடப்பெயர்வுகளில் அடகுக்கும் விற்பனைக்கும் போனவற்றை நான் குறை சொல்லமாட்டேன். உயிர் காக்க விற்றது வேறு. பாணி பழசாகிவிட்டது என்று அழித்ததையே சொல்கிறேன்.

இந்த இடத்தில்தான் கரண்டி மோதிரத்துக்காக நான் வாதாட வருகின்றேன். கரண்டிக்கு உண்மையான எதிரி வளைப்புக் கருவி அல்ல, மூசை. 1980 ஜனவரியில் அமெரிக்காவின் ஹன்ட் சகோதரர்கள் வெள்ளியை வாங்கிக் குவித்ததால் விலை அவுன்சுக்கு 50 டொலரை நெருங்கியபோது, வீடுகளிலிருந்த வெள்ளிப் பாத்திரங்கள் வரிசையாக உருக்குபவர்களிடம் போயின. அவ்வாண்டு மார்ச் 27 இல் விலை 11 டொலருக்கும் கீழே சரிந்தது. ஆனால் உருகிய தேநீர்க் கேத்தல்கள் திரும்பி வரவில்லை. 2025 இல் வெள்ளி விலை அந்தப் பழைய உச்சத்தைக் கடந்தது. இன்னொரு பக்கத்தில், மினுக்கவேண்டிய பொருளை வைத்துக்கொள்ளப் பிள்ளைகளுக்கு நேரமுமில்லை, விருப்பமுமில்லை. துருவேறா உருக்குக் கரண்டியைப் பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போட்டுவிட்டுப் போகிறார்கள். அலுமாரியில் கறுத்துக் கிடக்கும் வெள்ளிக்கு உள்ள வழிகள் இரண்டு: நிறைக்குப் போவது, அல்லது வேறு உருவில் வாழ்வது.

மோதிரமாகும் கரண்டி உருகுவதில்லை. காம்பின் பூவேலை அப்படியே வெளிப்புறத்தில் நிற்கின்றது. முத்திரை அந்தப் பகுதியில் இருந்தால் அது விரலைத் தொடும் உட்புறத்தில் பத்திரமாக இருக்கின்றது. மூன்று பிள்ளைகளுள்ள தாயின் கரண்டிகள் மூன்று மோதிரங்களானால், பங்குபிரிக்கும் சண்டை குறைகின்றது. அன்றாடம் ஒருவர் விரலிலாவது அந்தத் தாய் இருப்பாள். அதற்காக எல்லாவற்றையும் வெட்டலாம் என்பதல்ல எனது வாதம்.

முழுத் தொகுதியாக இருப்பதை உடைக்கவேண்டாம். பன்னிரண்டில் ஒன்றை வெட்டினால் பதினொன்றும் அநாதை. பதினெட்டாம் நூற்றாண்டு முத்திரை உள்ளதை அறிந்தவரிடம் காட்டாமல் வாளை எடுக்கவேண்டாம். சோடியிழந்த ஒற்றைக் கரண்டி, கிண்ணம் நசுங்கியது, முள் முறிந்தது, முலாம் தேய்ந்தது, இவைதான் மோதிரத்துக்கு உரியவை. வெட்டுமுன் முத்திரையைப் படமெடுத்து வையுங்கள். கிண்ணத்தின் அருகே பொறித்திருந்தால் அது மோதிரத்தோடு வராது. கத்திப்பிடியைத் தொடவேண்டாம், வெள்ளிக் கத்திகளின் பிடி பெரும்பாலும் உள்ளே வெறுமையானது, பிசின் நிரப்பியது. விற்பதாயின் ஸ்டேர்லிங்கா, முலாமா என்பதைச் சொல்லி விற்கவேண்டும். முலாம் மோதிரம் அணிவதில் குற்றமில்லை. முலாமை வெள்ளியென்று விற்பதுதான் குற்றம்.

நமது வீடுகளுக்கும் இது பொருந்தும். அடுத்தமுறை பழைய மிஞ்சியையோ குங்குமச் சிமிழையோ அழித்துச் செய்யக் கொடுக்குமுன் அதைப் படமெடுத்து, யாருடையது, எந்த ஊரில் செய்தது, செய்தவர் பெயர் தெரிந்தால் அது, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஆங்கிலேயனுக்கு அரசாங்கச் சட்டம் செய்து கொடுத்த வேலையை, சட்டமில்லாத நாம் ஒரு பேனையால் செய்யலாம். அதற்குச் செய்கூலியும் இல்லை, சேதாரமும் இல்லை.