'மிஸ்ஸிங்' என்றொரு சொல்

ஆங்கிலத்தில் 'மிஸ்' என்றொரு சின்னஞ்சிறு வினைச்சொல் உண்டு. அம்பு இலக்குத் தப்பினாலும் மிஸ்தான். பஸ்ஸைத் தவறவிட்டாலும் மிஸ்தான். புத்தகத்தில் ஒரு தாள் இல்லையென்றால் அது 'மிஸ்ஸிங்'. வெளிநாட்டிலுள்ள பிள்ளையை நினைத்துத் தாய் ஏங்குவதற்கும் இதே சொல்தான். 'மிஸ்ட் கோல்' நமது கிராமங்களிலும் தமிழ்ச்சொல் போலவே ஆகிவிட்டது.

தமிழில் இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சொற்கள் உள்ளன. ஆகவே மொழிபெயர்ப்பவர் முதலில் பொருளைத் தெரிவுசெய்ய வேண்டும். செய்தியில் அந்தத் தெரிவு சில வேளைகளில் ஒரு தீர்ப்பாகவே அமைந்துவிடுகிறது.

'மிஸ்ஸிங் பேர்சன்' என்பதைப் பத்திரிகையாளர் நாம் 'காணாமற்போனவர்' என்றே எழுதிவந்தோம். திருவிழாக் கூட்டத்தில் வழிதவறிய முதியவருக்கும், கடலுக்குச் சென்று திரும்பாத மீனவருக்கும் அது பொருந்தும். வெள்ளை வானில் ஏற்றிச் செல்லப்பட்டவருக்கும், 2009 மே மாதத்தில் உறவினர் கண்முன்னே படையினரிடம் சரணடைந்தவருக்கும் அது பொருந்துமா? 'போனார்' என்றால் போனவரே எழுவாய். இவர்களோ போகவில்லை, கொண்டுபோகப்பட்டார்கள்.

ஆங்கிலத்துக்கும் இந்தச் சங்கடம் இருந்தது. 'டிஸப்பியர்' என்பது செயப்படுபொருள் குன்றிய வினை. ஆர்ஜென்டீனாவில் 1976 முதல் 1983 வரை நீடித்த இராணுவ ஆட்சியின் கொடுமைகளால் 'தெசபரசிதோஸ்' என்ற ஸ்பானியச் சொல் உலகறிந்ததாயிற்று. ஆங்கிலமும் இலக்கணத்தை வளைத்து, அவ்வினையைச் செயப்பாட்டில் எழுதப் பழகியது. தமிழில் நமக்கு அந்தச் சிரமமே இல்லை. 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்பது இயல்பான தமிழ்.

இலங்கை நாடாளுமன்றம் 2016இல் நிறைவேற்றிய 14ஆம் இலக்கச் சட்டம், 'காணாமற்போன ஆட்கள்' பற்றிய அலுவலகத்தை உருவாக்கியது. மோதலில் காணாமற்போன படைவீரர்களையும் வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோரையும் அது ஒரே வரைவிலக்கணத்துள் அடக்குகிறது. சட்டத்துக்கு அத்தகைய விரிந்த சொல் தேவைப்படலாம். செய்திக்கு அது தேவையில்லை.

யார் செய்தார் என்று நிரூபிக்கப்படாதபோது 'ஆக்கப்பட்டோர்' என்பது குற்றச்சாட்டாகாதா எனச் சிலர் கேட்பர். செயப்பாட்டுவினை எவர் பெயரையும் சுட்டுவதில்லை. செய்தவர் ஒருவர் உண்டு என்பதை மட்டுமே சொல்கிறது. கொண்டுசெல்லப்பட்டதற்குச் சாட்சியம் உள்ள இடத்தில் அதைச் சொல்லத் தயங்குவது நடுநிலைமை அன்று. சாட்சியம் இல்லாத இடத்தில் 'காணாமற்போனவர்' என்றே எழுதலாம்.

2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் தொடர்போராட்டம் தொடங்கிய தாய்மார் கேட்டது பிள்ளைகளை. அப்பிள்ளைகளைக் குறிக்கும் சொல்லையாவது நாம் சரியாக எழுதவேண்டும்.