விருத்தாசலம் சிலையும் சிட்னி கேலரியும்

ஆர்ட் கேலரி இரண்டு வகை என்பார்கள். வாங்கி விற்பது ஒன்று. மக்கள் பார்ப்பதற்காக வைத்துக் காப்பது இன்னொன்று. முன்னது கடை, பின்னது பொதுச்சொத்து. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இதை நம்ம கடலூர் மாவட்டத்து அர்த்தநாரீஸ்வரரிடம் சொல்லிப் பாருங்கள்!

விருத்தாசலம் விருத்தகிரீஸ்வரர் கோயிலில் திருடுபோன கற்சிலை அது. நியூயார்க்கில் கேலரி நடத்திய சுபாஷ் கபூரிடம் அதை 2004-ல் வாங்கியது யார் தெரியுமா? சிட்னியில் இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் அரசு கேலரி! 1970-லேயே டெல்லியில் விற்கப்பட்டதாக ஒரு ரசீது காட்டினார்கள். ஆனால் 1974-ல் சிலை கோயிலில் இருந்ததற்குப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் போட்டோவே இருக்கிறது. ஒரு கடிதம் போட்டுக் கேட்டிருந்தால் குட்டு உடைந்திருக்கும். கேட்கவில்லை. சிலை இந்தியா திரும்ப 2014 ஆகிவிட்டது.

வியாபாரி லாபத்துக்கு விற்றான், சரி. மக்களுக்காக என்று போர்டு மாட்டியவர்களுக்கு என்ன வந்தது? என்னைக் கேட்டால், எங்கிருந்து வந்தது என்று விசாரிக்காமல் வாங்குகிற எந்த கேலரியும் வெறும் வாடிக்கையாளர்தான். திருட்டுக்குக் காசு கொடுக்கிற வாடிக்கையாளர்.

சிதம்பரத்தில் படிக்கிற நண்பர்களே, கடலூர் அருங்காட்சியகம் போனாலும் சரி, சிட்னி போனாலும் சரி, சிலையின் அழகை அப்புறம் ரசிக்கலாம். எந்த ஊர்ச் சிலை, எப்படி வந்தது என்று முதலில் கேளுங்கள்.