ரஷ்ய பாஷைக்குத் தமிழே வாசல்

ஜவ்வாது மலையின் புதூர்நாட்டிலிருந்து இறங்கிவந்து திருப்பத்தூரில் படித்து, வைத்தியக் கல்விக்காக ரஷ்யாவுக்குப் புறப்பட ஆயத்தமாகிக்கொண்டிருந்த மாணவன் ஒருவன், நான் வாலிபத்தில் அந்தப் பாஷையைச் சிறிது பயின்றவன் என்று எவரோ சொல்லக் கேட்டு, ஆங்கில வழிப் பாடப்புத்தகம் ஒன்றுடன் சென்ற கோடையில் என் வீட்டுக்கு வந்தான். வகுப்பில் ஆங்கிலம் கைகொடுத்தாலும், நோயாளியின் கட்டிலருகே நின்று 'எங்கே வலிக்கிறது?' என்று விசாரிக்க ரஷ்ய மொழியே வேண்டும் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் மூன்றாம் பாடத்திலேயே தடைப்பட்டு நின்றான். 'ஊ மென்யா யெஸ்த் க்னீகா' என்ற வாக்கியத்தில், உடைமையைக் குறிக்கும் 'ஹாவ்' என்ற ஆங்கில வினைக்கு நேரான சொல்லைத் தேடித் தேடிச் சலித்திருந்தான். அப்படியொரு சொல் அங்கே இல்லை.

"தம்பி, ஆங்கிலத்தை மறந்துவிட்டுத் தமிழில் சொல்லிப் பார்" என்றேன்.

'என்னிடம் புத்தகம் இருக்கிறது.' அமைப்பு அதுவேதான். 'எத்தா க்னீகா' என்றால் 'இது புத்தகம்'. ஆங்கிலத்துக்கு இன்றியமையாத 'இஸ்' அவர்களுக்கும் வேண்டியதில்லை, நமக்கும் வேண்டியதில்லை. மார்கழி விடியலில் புதூர்நாட்டார் 'எனக்குக் குளிருது' என்பதைப் போலவே, மாஸ்கோவாசியும் 'நான்' என்று தொடங்காமல் 'எனக்கு' என்று தொடங்கி, 'ம்னே ஹோலத்ன' என்கிறான். பையன் முகம் மலர்ந்தது.

இந்த ஒற்றுமை இரண்டொரு வாக்கியங்களோடு நின்றுவிடுவதன்று. ரஷ்ய மொழியின் ஆறு வேற்றுமைகளும் ஆங்கில வழியில் கற்பவனைக் கலங்கடிக்கின்றன. எட்டு வேற்றுமைகளைப் பள்ளியிலேயே ஒப்பித்த தமிழ்ப் பிள்ளைக்கோ, 'பேனாவால்' என்பதற்கு 'ரூச்கய்' என்று பெயரின் ஈறு திரிவதில் அதிசயம் ஏதும் இல்லை. 'மேசை வாங்கினேன்' என்று இரண்டாம் வேற்றுமை உருபைத் தொகுத்துவிடும் நாம், 'அண்ணனைப் பார்த்தேன்' என்னும்போது அதை விடுவதில்லை. அவ்வாறே ரஷ்ய ஆண்பாற் பெயர்களிலும், மேசையாகிய 'ஸ்தோல்' செயப்படுபொருளாகும்போது மாறாதிருக்க, சகோதரனாகிய 'ப்ராத்' மட்டும் 'ப்ராத்தா' ஆகிறது. 'படித்துக்கொண்டிருந்தான்', 'படித்துவிட்டான்' என்ற பேதத்தை நாவிலேயே வைத்திருப்பவனுக்கு, முற்றுப்பெற்ற செயலுக்கும் பெறாத செயலுக்கும் தனித்தனி வினை வழங்கும் அம்மொழியின் மர்மம் பாதி விளங்கிவிடுகிறது. ஒருவரையே மரியாதை கருதிப் பன்மையில் அழைக்கும் வழக்கமும் இரண்டுக்கும் பொது.

சிரமங்களும் உண்டு. மேசை ஆண்பால், புத்தகம் பெண்பால், ஜன்னல் இரண்டும் அல்லாதது என்பதை, உயர்திணை அஃறிணைப் பாகுபாட்டில் ஊறிய மனம் எளிதில் ஏற்பதில்லை. 'ஸ்த்ராஸ்த்வுயித்யே' என்ற வணக்கச் சொல்லில் மெய்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. இவற்றுக்கு நித்தம் உரக்கச் சொல்லும் அப்பியாசத்தைத் தவிர வேறு உபாயம் இல்லை.

ரஷ்ய அறிஞர்கள் நம் மொழிக்குச் செய்த தொண்டு பெரிது. பியாத்திகோர்ஸ்கியும் ரூதினும் 1960-ல் தமிழ்–ரஷ்ய அகராதியை வெளியிட்டார்கள். 1965-ல் அந்திரோனவும் அவருடைய சகாக்களும் ரஷ்ய–தமிழ் அகராதியைத் தந்தார்கள். துபியான்ஸ்கி 2020-ல் மறையும்வரை மாஸ்கோவில் தமிழ் கற்பித்தார். நம் பக்கத்திலோ, திருப்பத்தூரில் தமிழாசிரியராக இருந்த மு. வரதராசனார், பாஷைகளின் இயல்பை ஆராயும் மொழியியலைச் சாதாரண வாசகனுக்கும் விளங்கும் தமிழில் எழுதிக் காட்டினார். அந்த அகராதிகளும் இந்த வழிகாட்டுதலும் இருந்தும், நம் பிள்ளைகள் ரஷ்ய இலக்கணத்தை ஆங்கிலத்தின் முதுகில் ஏறியே அடைய வேண்டுமென்பது நியாயமன்று. சென்னை கஸ்தூரி ரங்கா சாலையிலுள்ள ரஷ்ய மாளிகையும் நம் பல்கலைக்கழகங்களும் ஒன்றுகூடி, வேற்றுமை உருபுகளைத் தமிழோடு ஒப்பிட்டுக் காட்டும் பாலபாடம் ஒன்றை, ஒலிப்பதிவுடனும் ஏழை மாணவன் வாங்கத்தக்க விலையிலும் வெளியிட முன்வர வேண்டும். அடுத்த ஆண்டு மலையிலிருந்து இறங்கிவரும் பிள்ளையின் கையில் அந்தப் புத்தகம் இருக்கட்டும்.